விரிப்பதும் ஒட்டுவதும்

நம் கலாசாலைச் சஞ்சிகையின் தமிழ்ப் பகுதியில் ஆண்டுதோறும் கல்வி, ஒழுக்கம், தாய்மொழி, தேசசேவை என்னும் உயர்ந்த விஷயங்களைப் பற்றிய வியாசங்கள் வெளிவருவது வழக்கம். அவ்வழக்கத்தைக் குறைகூற நாம் வரவில்லை. ஆயினும் இவ்வாண்டு, நம் காலின்கீழ்க் கிடப்பதும், நாள்தோறும் மிதிக்கப்படுவதும், அதனாலேயே எவராலும் நினைக்கப்படாததுமான ஒரு பொருளைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுதத் துணிந்தோம். அப்பொருள் பழைய வீடுகளின் மரத்தளம். அதன்மேல் கம்பளத்தை ஒட்டியது முதல் தவறு. கம்பளத்தை எடுத்தபின் எஞ்சி நிற்கும் பஞ்சையும் பசையையும் நீக்குவதாகச் சொல்லி நாம் செய்யும் அவசரச் செய்கை இரண்டாம் தவறு. முதல் தவற்றைத் திருத்தலாம். இரண்டாவதைத் திருத்தல் இயலாது. இதுவே நாம் சொல்லக் கருதியது.

இதை எழுதத் தூண்டிய சம்பவத்தை முதலில் கூறுவோம். சென்ற கோடை விடுமுறையில் நம் பழைய மாணாக்கர் ஒருவருடைய வீட்டுக்கு உழவர்கரைக்குச் சென்றிருந்தோம். பிரெஞ்சுக்காரர் வாயில் ‘ஊல்கரே’ எனத் திரிந்து, இன்று புதுச்சேரி நகராட்சியை அடுத்துத் தனி நகராட்சியாக விளங்கும் ஊர் அது. வயலும் தோப்புமாக இருந்த இடங்களில் இப்பொழுது வீடுகள் நெருங்கிவிட்டன. அந்நெருக்கத்தின் நடுவே, திண்ணையும் முற்றமும் குலையாமல் இவ்வீடு நிற்கிறது. மாடியில் ஓர் அறைக்கு மாத்திரம் தேக்குப் பலகைத் தளம். அவ்வறை நண்பருடைய பாட்டனார் இருந்து கணக்கு எழுதிய அறை. அவர் நாற்காலியின் நான்கு கால்களும் பதிந்த நான்கு சிறு பள்ளங்கள் சன்னலோரத்துப் பலகையில் உண்டென்று நண்பரின் தாயார் கூறினார். ஆனால் அவற்றை அவர் கண்டு முப்பது ஆண்டுகள் ஆயினவாம்! ஏனெனில், அறைக்குக் குளிர்சாதனம் பொருத்திய காலத்தில், சுவருக்குச் சுவர் ஒரு கம்பளத்தை அளந்து வெட்டி, அடியில் ரப்பர்ப் பஞ்சு இட்டு, பசை தடவி, ஓரங்களில் ஆணி அறைந்துவிட்டார்கள்.

கம்பளம் கிழிந்து நாற்றமெடுக்கவே, அதை எடுத்துவிடத் தீர்மானித்தார்கள். கம்பளம் எளிதில் வந்தது, பஞ்சு வரவில்லை. அது பழுப்பு நிறமாக மாறி, சில இடங்களில் மாவாக உதிர்ந்தும், சில இடங்களில் பாகுபோல் இளகியும், சில இடங்களில் கல்போல் இறுகியும் பலகையோடு ஒன்றிக் கிடந்தது. ஒப்பந்த வேலைக்கு வந்தவர்கள் தரை தேய்க்கும் மின்யந்திரம் ஒன்றைக் கொணர்ந்து, வடக்கு மூலையில் ஒரு மணி நேரம் ஓட்டினார்கள். யந்திரத்தின் சூட்டில் பசை உருகி உப்புத்தாளில் அப்பிக்கொண்டது. தாளை மாற்ற மாற்ற அடைத்துக்கொண்டது. வேலையாள் கோபங்கொண்டு யந்திரத்தை அழுத்தினான். விளைவு என்ன? பசை பாதி நின்றது. பலகையோ கிண்ணங் கிண்ணமாகக் குழிந்தது. அன்று மாலை, வெகு நாட்களாக அவ்வீட்டுக்கு வேலை செய்யும் முதிய தச்சர் ஒருவரை அழைத்து வந்தார்கள். அங்கு நிகழ்ந்த உரையாடலை நாம் நேரில் கேட்டோம்.

“ஆசாரியாரே, யந்திரம் வைத்தால் நாளைக்கே முடித்துவிடலாம் என்கிறார்களே?” என்றார் அம்மையார்.

“முடித்துவிடலாம் அம்மா. பஞ்சும் போகும், பலகையும் போகும். ஐயா நாற்காலி போட்டிருந்த தடமும் போகும். ஆறு நாள் கொடுங்கள், பஞ்சை மட்டும் எடுத்துத் தருகிறேன்,” என்றார் அவர்.

அம்மையார் ஆறு நாள் கொடுத்தார். ஏழாம் நாள் சன்னலோரத்தில் அந்நான்கு பள்ளங்களும் வெளிப்பட்டன. வடக்கு மூலையின் கிண்ணங்கள் மாத்திரம் இன்றும் அப்படியே இருக்கின்றன. ஒரு மணி நேர அவசரத்தின் சாட்சியாக அவை இன்னும் நூறாண்டு இருக்கும்.

இனி, இப்பஞ்சு ஏன் இவ்வாறு ஒட்டிக்கொள்கிறது என்பதைச் சிறிது ஆராய்வோம். இரசாயனம் பயிலும் மாணாக்கர்க்கு இது தெரிந்த பாடமே. கம்பளத்தின் அடியில் இடும் மெத்து பலவகைப்படும். பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பஞ்சு ஒன்று. ரப்பர்ப் பாலால் ஆகிய பஞ்சு மற்றொன்று. சணல் அல்லது மயிரை அழுத்திச் செய்த மெத்து மூன்றாவது. பாலியூரித்தேன் காற்றிலுள்ள ஈரத்தாலும் பிராணவாயுவாலும் வெயிலாலும் நாளடைவில் சிதைகிறது. நீண்ட சங்கிலிகளாக இருந்த மூலக்கூறுகள் அறுந்து, பஞ்சு தன் மீள்சக்தியை இழந்து, பிசினாகவோ தூளாகவோ ஆகிறது. ரப்பரும் அவ்வாறே முதலில் பிசுபிசுத்து, பின்னர் விறைத்து நொறுங்குகிறது. ஆண்டு முழுவதும் ஈரம் சுமந்த கடற்காற்று வீசும் புதுவை போன்ற ஊரில் இச்சிதைவு விரைந்து நடைபெறுவதில் வியப்பில்லை. இவற்றோடு ஒட்டுப்பசையும், ஆணித் துருவும், ஆண்டுக்கணக்கில் கம்பளத்தின் வழியே வடிந்த புழுதியும் சேர்ந்தால், பலகையின்மேல் ஒரு புதிய தோலே உண்டாகிவிடுகிறது. ஆயினும் அது பலகையின் தோல் அன்று என்பதை மறத்தலாகாது. பெரும்பாலும் அது பலகையின் மெருகுக்கு மேலேதான் நிற்கிறது. மெருகு நின்ற இடமெல்லாம் மரம் பிழைத்திருக்கிறது என்று கொள்ளலாம்.

அந்த முதியவர் கையாண்ட முறையை நாம் உடனிருந்து கண்டோம். அதில் மந்திரம் ஒன்றுமில்லை, வரிசை உண்டு. முதலில் குறட்டால் ஆணிகளையும் கம்பிகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பிடுங்கும்பொழுது சுத்தியலின் அடியில் ஒரு மெல்லிய மரத்துண்டை வைத்தார், பலகையில் வடு விழாதிருக்க. பிறகு உதிர்ந்த தூளை உறிஞ்சும் யந்திரத்தால் எடுத்தார். அதன்பின், கூர் மழுங்கிய பட்டித் தகட்டைச் சாய்வாகப் பிடித்து, மர ரேகை ஓடும் திசையிலேயே மெல்லத் தள்ளினார். ரேகைக்குக் குறுக்கே தள்ளினால் கீறல் விழும் என்றார். பாதிக்கு மேற்பட்ட பஞ்சு இவ்வாறு உலர்ந்த நிலையிலேயே வந்துவிட்டது. பாகாக இளகி நின்ற இடங்களில், பையில் கட்டிய பனிக்கட்டியைச் சில நிமிஷம் வைத்தார். பசை விறைத்துத் துண்டு துண்டாகப் பெயர்ந்தது. கல்லாக இறுகிய இடங்களிலோ, வெந்நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியை ஐந்து நிமிஷம் மூடிவைத்து, தளர்ந்தவுடன் வழித்து, உடனே உலர்ந்த துணியால் ஈரத்தைத் துடைத்தார். நீருக்கு இணங்காத பசைக்கு மாத்திரம், வர்ணம் பூசுவோர் உபயோகிக்கும் டர்பன்டைனைத் துணியில் சிறிதளவு தோய்த்துத் தேய்த்தார். அதுவும் முதலில் கதவு மறைவில் உள்ளங்கை அகல இடத்தில் சோதித்துப் பார்த்த பிறகே. இவ்வரிசையின் உட்பொருள் யாதெனில், மென்மையான முறையை முதலில் முயன்று, அது பயன்படாத இடத்தில் மாத்திரம் அடுத்ததற்குச் செல்லுதல். நம்மவர் செய்வதோ பெரும்பாலும் இதற்குத் தலைகீழ்.

இங்கே சில எச்சரிக்கைகளைக் கூறாது விடுதல் தகாது. தளத்தில் தண்ணீரைக் கொட்டிக் கழுவுவோர் உண்டு. பலகை நீரைக் குடித்து உப்பி, ஓரங்கள் உயர்ந்து, நடு குழிந்து நிற்கும். பின்னர் எவ்வளவு உலர்த்தினும் பழைய நிலை வருதல் அரிது. பெட்ரோல் ஊற்றித் தேய்ப்போரும் உண்டு. அடைத்த அறையில் பெட்ரோல் ஆவி நிறைந்திருக்க, ஒரு மின்விசையைத் தட்டிய பொறியே போதும், வீட்டையும் ஆளையும் அழிப்பதற்கு. டர்பன்டைனும் தீப்பற்றக்கூடியதே; ஆகையால் சன்னல்கள் திறந்திருத்தல் வேண்டும்; அடுப்பும் விளக்கும் அருகில் இருத்தல் கூடாது. இரும்பு நார்ச்சுருளால் நனைத்துத் தேய்ப்பதும் தீது. ஓக் முதலிய மரங்களில் உள்ள துவர்ப்பொருள் இரும்போடும் நீரோடும் கூடிக் கருங்கறையை உண்டாக்கும்; துருப்பிடித்த ஆணியைச் சுற்றி நாம் காணும் கறுப்பு வட்டமும் இதுவே. வேலை முடிந்தபின் ஆளிவிதை எண்ணெய் பூசுவோர், அவ்வெண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறிந்துவிடுகிறார்கள். அவ்வெண்ணெய் உலரும்பொழுது காற்றோடு கூடி வெப்பம் உண்டாக்குமாதலின், சுருட்டிய துணி தானே பற்றிக்கொள்ளும். அதை வெளியில் விரித்து உலர்த்த வேண்டும். அல்லது நீர் நிறைந்த தகர டப்பாவில் இடவேண்டும்.

எல்லாவற்றினும் பெரிய எச்சரிக்கை வேலை செய்வோரின் உயிரைப் பற்றியது. மரத்தூள் மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களுள் ஒன்றென்று, உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1995இல் வெளியிட்ட நூலில் வகுத்துள்ளது. தேக்கின் தூள் சிலருக்குத் தோலில் தடிப்பும் அரிப்பும் உண்டாக்கும். பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருப்பது உண்டு. கம்பளத்தின் அடியில் தார் போன்ற கரிய பசையோ, பழைய பிளாஸ்டிக் ஓடுகளோ காணப்படுமாயின் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். 1980களுக்கு முற்பட்ட அத்தகைய பொருள்களில் கல்நார் கலந்திருத்தல் கூடும். கண்ணால் பார்த்து அதை அறிய இயலாது, ஆய்வுக்கூடத்தில்தான் அறியலாம். அறியுமுன் அதை உலர்ந்த நிலையில் சுரண்டுவதும், யந்திரத்தால் தேய்ப்பதும் பெரும் பிழை. மூச்சுக்குழலில் புகுந்த கல்நாரின் தீமை பல்லாண்டுகள் கழித்தே வெளிப்படும். அன்று கூலி கொடுத்த வீட்டுக்காரர் எங்கோ இருப்பார். கூலி வாங்கியவன் மருத்துவமனையில் இருப்பான். தளம் பளபளப்பதைப் பார்த்து மகிழும் நாம், முகத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு புழுதியினூடே நிற்கும் அவ்விளைஞனைப் பார்த்ததுண்டா? தூளைத் தடுக்கத்தக்க முகமூடியும் கையுறையும் வாங்கித் தருவது தருமம் அன்று, கடமை.

நிற்க. “ஒரு பழம்பலகைக்கு இத்துணைச் சீராட்டு எதற்கு? போனால் புதிது போட்டுக்கொள்ளலாமே!” என்று சிலர் கேட்கலாம். இக்கேள்விக்குப் புதுவையின் சரித்திரமே விடையாகும். 1761இல் ஆங்கிலேயர் இந்நகரைக் கைப்பற்றி, கோட்டையையும் மாளிகைகளையும் இடித்துத் தரைமட்டமாக்கினர். 1765இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு மீண்டபின் நகர் மறுபடி எழுந்தது. பெகு நாட்டுத் தேக்கின் அருமையை அக்காலத்தார் அறிந்திருந்தனர். 18ஆம் நூற்றாண்டில் சிரியம் துறையில் பிரெஞ்சுக்காரர் அம்மரத்தால் கப்பல் கட்டினர். துய்ப்ளேக்சின் துபாஷியாக விளங்கி நாட்குறிப்பு எழுதி வைத்த ஆனந்தரங்கப் பிள்ளையின் இல்லம் இன்றும் புதுவையில் நிற்கிறது. கீழே தமிழ் முறைப்படி செதுக்கிய மரத்தூண்களும், மேலே பிரெஞ்சு முறைத் தூண்களுமாக இரண்டு நாகரிகங்களையும் அது ஒரே கூரையின்கீழ்க் காட்டுகிறது. இத்தகைய மரங்கள் இயற்கைக் காட்டில் நெடுங்காலம் மெல்ல வளர்ந்தவை. இன்று தோட்டங்களில் விரைவில் வளர்த்து வெட்டும் மரம் அவற்றுக்கு ஈடாக எளிதில் கிடைப்பதன்று.

இடிந்ததை எடுத்துக் கட்டலாம் என்பதும் முழு உண்மையன்று. கடற்கரைச் சாலையில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த ‘மேரி’ என்னும் நகராட்சி மாளிகை 2014 நவம்பரில் மழைக்காலத்தில் இடிந்து வீழ்ந்தது. அதே சாயலில் மீண்டும் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. அம்முயற்சியைப் பாராட்டுகிறோம், கடற்கரைக்கு அதன் முகம் திரும்பக் கிடைத்தது. ஆயினும் சாயல் திரும்பியதேயன்றி, பழைய சுவரும் பழைய உத்திரமும் திரும்பவில்லை. மாளிகை வீழ்ந்தால் ஊர் முழுவதும் பேசுகிறது. ஒரு வீட்டின் மாடியில் பலகை தேய்ந்து போனால் யார் பேசுவர்? ஆனால் பழைமை அழிவது பெரும்பாலும் இத்தகைய ஓசையற்ற அழிவினாலேயே.

பலகைக்கும் ஆயுட்கணக்கு உண்டு. நாக்கும் பள்ளமுமாகக் கோக்கப்பட்ட சாதாரணப் பலகையின் கனம் ஏறக்குறைய 19 மில்லிமீட்டர். அதில் நாக்குக்கு மேலே தேய்மானத்துக்கு உரிய மரம் 6 மில்லிமீட்டர் அளவே. யந்திரத்தால் முழுத் தளத்தையும் ஒருமுறை தேய்த்தால் அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை போய்விடுகிறது. பழகாத கையில் இதனினும் மிகுதி. ஆகவே ஒரு தளம் தன் வாழ்நாளில் தாங்கக்கூடிய தேய்ப்புகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. பசையை எடுப்பதற்காக அவற்றுள் ஒன்றைச் செலவிடுவது, சட்டையில் பட்ட சேற்றைப் போக்கச் சட்டையின் துணியையே கத்தரிப்பது போலாம்.

1877ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்தில் வில்லியம் மாரிஸ் என்னும் அறிஞரும் அவர் நண்பர்களும் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். அக்காலத்தில் கோவில்களைப் புதுப்பிப்பதாகச் சொல்லிச் சுவர்களின் பழைய பூச்சையெல்லாம் சுரண்டி எடுத்து, காலத்தின் சுவட்டையே அழித்து வந்தனர். அதை எதிர்த்தமையால் அச்சங்கத்துக்குச் ‘சுரண்டாதே சங்கம்’ என்னும் பொருள்படச் செல்லப்பெயர் ஒன்றும் வழங்கலாயிற்று. சுரண்டாதே என்றால் அழுக்கோடு இருக்கவிடு என்பது பொருளன்று. வந்து சேர்ந்த அழுக்கு வேறு, காலம் தந்த முதிர்ச்சி வேறு. முன்னதை நீக்கப் புகுந்து பின்னதை இழக்கலாகாது என்பதே பொருள். உழவர்கரை வீட்டில் பஞ்சு அழுக்கு. நாற்காலியின் பள்ளங்கள் முதிர்ச்சி. யந்திரம் இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாது. கை அறியும்.

எதிர்க்கட்சியாரின் நியாயத்தையும் நாம் மதிக்க வேண்டும். ஆறு நாள் கூலி எல்லாராலும் கொடுக்கத்தக்கதன்று என்பர். மெய்யே. ஆனால் யந்திர வாடகை, உப்புத்தாள், தேய்த்தபின் கட்டாயமாகப் பூசவேண்டிய புது மெருகு ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால், வித்தியாசம் அவர்கள் நினைக்குமளவு பெரிதன்று. மேலும் கைவேலையின் பெரும்பகுதியை வீட்டாரே செய்துகொள்ளலாம். நாளைக்கு ஒரு முழம் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு மழைக்காலத்துக்குள் ஓர் அறை முடிந்துவிடும். இனி, செல்லரித்த பலகையையும் உளுத்த பலகையையும் போற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அவற்றை மாற்றியே தீரவேண்டும். பஞ்சு முற்றும் நீங்கியபின், ஆழ்ந்த கறையோ மேடுபள்ளமோ எஞ்சி நின்றால், தேர்ந்த கையால் மெல்லிய தேய்ப்பு ஒன்று செய்வதையும் நாம் தடுக்கவில்லை. யந்திரம் கடைசியில் வரவேண்டியது. முதலில் வருவதையே மறுக்கிறோம். பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழி தச்சுக்கும் பொருந்தும்.

மெருகைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய மரச்சாமான்களில் அரக்கு மெருகு இருத்தல் கூடும். அரக்கைச் சாராயச் சத்தில் கரைத்துத் துணிப்பொட்டலத்தால் தடவும் முறைக்கு உலகமெங்கும் ‘பிரெஞ்சு மெருகு’ என்று பெயர். பெயர் பிரெஞ்சு, அரக்கோ நம் நாட்டுக் காடுகளில் ஒரு சிறு பூச்சி மரக்கிளையில் கூட்டி வைப்பது! அத்தகைய மெருகின்மேல் சாராயச் சத்துப் பட்டால் அது உடனே கரைந்துவிடும். ஆகையால்தான் எந்தத் திரவத்தையும் மறைவிடத்தில் சோதித்துப் பார்த்தபின் பயன்படுத்த வேண்டும் என்றார் அம்முதியவர்.

இனி நாம் இவ்வியாசத்துக்கு இட்ட தலைப்புக்கு வருவோம். நம் நாட்டில் தரையை மறைக்கும் வழக்கம் இல்லாமலில்லை. பத்தமடைப் பாயும் பவானி ஜமக்காளமும் எவ்வீட்டுக்குப் புதியன? ஆனால் நம் முன்னோர் அவற்றை விரித்தார்கள், ஒட்டவில்லை. விருந்தினர் வந்தால் விரித்து, எழுந்தால் சுருட்டினர். இரவில் விரித்த பாயை விடியலில் சுருட்டி மூலையில் நிறுத்தினர். தரை நாள்தோறும் துடைக்கப்பட்டது, காற்று வாங்கியது, தன் குறையைத் தானே காட்டியது. கறையான் ஏறினாலும் கூரை ஒழுகினாலும் அன்றே கண்டுபிடிக்கப்பட்டது. ஒட்டிய கம்பளமோ புழுதியையும் ஈரத்தையும் கறையானையும் மறைத்து வைத்துக்கொண்டு, மேலே அழகாகச் சிரிக்கிறது. காலடி ஓசை குறையவேண்டும், குளிர் தாக்காதிருக்கவேண்டும் என்று விரும்புவது குற்றமன்று. அதற்கு ஒரு விரிப்பைப் பசையின்றி விரித்தால் போதும். விரித்ததை நாளை எடுக்கலாம். ஒட்டியதை எடுக்கும் கடனை நம் பிள்ளைகள் தலையில் வைக்கிறோம்.

மரத்தளம் இல்லாதார்க்கு இவ்விஷயத்தில் என்ன என்று கேட்கவேண்டுவதில்லை. செங்காவி பூசிய சிமெண்டுத் தரைமீதும், செட்டிநாட்டு வீடுகளின் ஆத்தங்குடிக் கற்கள்மீதும் பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டுவோர் நம்மிடையே உண்டு. பிறகு அப்பசையைப் போக்க அமிலத்தை ஊற்றுகிறார்கள். சுண்ணாம்பும் சிமெண்டும் அமிலத்தில் கரைவன என்பதை நம் இளநிலை வகுப்பு மாணாக்கனும் அறிவான். பசை போகிறதோ இல்லையோ, பல்லாண்டு காலடிகள் ஏற்றிய பளபளப்பு ஒரு நொடியில் போய்விடும். பிரான்சில் குடியேறிய புதுவைக் குடும்பத்தார் பலர் நம் பழைய மாணாக்கருள் உண்டு. அந்நாட்டுப் பழைய வீடுகளிலும் ஓக் மரத் தளங்களின்மேல் கம்பளத்தை ஒட்டி வைத்த காலம் ஒன்று இருந்தது. இப்பொழுது அதை எடுக்கும் காலம். அவர்களில் எவரேனும் இதைப் படிப்பாராயின், உழவர்கரைத் தச்சரின் வரிசையையே அங்கும் கையாளலாம். மரம் வேறாயினும் பொறுமை ஒன்றே.

மாணாக்க நண்பர்களே! நம் நூல்நிலையத்துக்குச் செல்லுங்கள். கிழிந்த ஏட்டை ஒட்டுவதாக எண்ணி, யாரோ ஒருவர் அவசரத்தில் ஒட்டிய பிசின் நாடா மஞ்சளாகி, எழுத்தையும் தின்றுகொண்டிருக்கும் பக்கங்கள் அங்கே இருக்கும். அதைப் பற்றி இழுத்தால் நாடாவோடு எழுத்தும் வரும். தேர்ந்த ஏடு பேணுவோர் அதை எவ்வளவு மெல்ல, எவ்வளவு நேரம் எடுத்து நீக்குகிறார்கள் என்பதைக் கேட்டறியுங்கள். ஏடாயினும் பலகையாயினும் நீதி ஒன்றே: பின்னால் வருபவர் எளிதில் நீக்கத்தக்க முறையிலன்றி எதையும் பழம்பொருளின்மேல் சேர்க்கலாகாது, சேர்ந்துவிட்டதை நீக்குங்கால், சேர்ந்ததை மாத்திரமே நீக்கவேண்டும்.

விடுமுறையில் உங்கள் இல்லங்களுக்குச் செல்லும்பொழுது, ஒரு மூலையில் விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். அடியில் இருப்பது தேக்கோ, செங்காவியோ, வெறும் செங்கல்லோ, எதுவாயினும் ஆகுக; அதை இட்ட கையை நினையுங்கள். ஒட்டு இருந்தால் யந்திரத்துக்கு ஆளனுப்புமுன், மழுங்கிய தகடு ஒன்றையும், பிழிந்த துணி ஒன்றையும் எடுத்துக்கொண்டு ஒரு சாண் இடத்தில் முயன்று பாருங்கள். பெரியோர் தடுத்தால் பணிவோடு காரணம் கூறுங்கள். உழவர்கரை அம்மையார் இப்பொழுது அவ்வறையில் ஒரு கோரைப் பாயை விரித்திருக்கிறார். நாம் விடைபெறச் சென்றபொழுது அதைச் சுருட்டிச் சுவரோரம் சாத்தினார். அவருடைய பேரக்குழந்தை சன்னலோரம் உட்கார்ந்து, நான்கு பள்ளங்களிலும் புளியங்கொட்டைகளை இட்டு விளையாடிக்கொண்டிருந்தது. ஆறு நாள் கூலிக்கு அது போதிய பலன் என்பது நம் அபிப்பிராயம்.